பெட்டி பாடக் கூடாது!

மெத்தைக்கு உறை தைப்பதற்கென்று கோடு போட்ட முரட்டுத் துணி ஒன்று உண்டல்லவா? 1950-களின் ஆரம்பத்தில், அமெரிக்காவில் நியூயார்க் ராஜ்யத்தைச் சேர்ந்த உட்ஸ்டாக் என்ற சிற்றூரில், ரோஸ்மேரி என்ற அம்மாள் அந்தத் துணியில் வளையமாக ஒரு மாதிரி வெட்டிக் கொடுத்தார். மெத்தைக்கும் அல்ல, தலையணைக்கும் அல்ல. அவருடைய கணவர் எட்கர் வில்ச்சூர், ஓர் ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பைச் சுற்றியிருந்த விறைத்த விளிம்பை அறுத்து எறிந்துவிட்டு, அந்த இடத்தில் ஒட்டுவதற்குத் தொளதொளவென்று ஒரு வளையம் வேண்டும் என்று கேட்டிருந்தார். அதற்குத்தான் மெத்தைத் துணி!

அந்த நாளில் வீட்டில் உட்கார்ந்து சங்கீதத்தின் கீழ் ஸ்தாயியைக் கம்பீரமாகக் கேட்கவேண்டும் என்றால், துணி அலமாரி அளவுக்கு ஒரு பெட்டி வேண்டும். கூடத்தில் பாதியை அது அடைத்துக்கொள்ளும். ரோஸ்மேரி அம்மாள் வெட்டிய துணி வளையம் அந்த அலமாரியைச் சுருக்கிப் புத்தகத் தட்டின் மேல் ஏற்றி வைத்துவிட்டது. எப்படி என்பதைப் பிறகு சொல்கிறேன்.

சங்கீதப் பித்து ஒரு வகை. சங்கீதம் கேட்கும் கருவியில் பித்து இன்னொரு வகை. இந்த இரண்டாவது வகையினருக்கு 'ஆடியோஃபைல்' என்று பெயர். நல்ல ஒலிபெருக்கி எது என்று அவர்களில் நாலு பேரைக் கேட்டால் ஆறு அபிப்பிராயம் கிடைக்கும். இருந்தாலும், பல பத்தாண்டுகளாக அவர்கள் எல்லாரும் மரியாதையோடு உச்சரிக்கும் பெயர்கள் சில உண்டு. அவற்றில் நான்கின் கதையை இங்கே பார்க்கலாம். பித்துக்காரர்களின் கதை நமக்கு எதற்கு என்று எண்ணிவிட வேண்டாம். காதால் வாங்கவேண்டிய சாமானைக் கண்ணால் வாங்கிவிட்டுப் பிறகு வருந்துகிறவர்கள் அநேகம். வீட்டுக் கணக்கு எழுதுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது.

குடமும் பெட்டியும்

வீணைக்குக் குடம் இருக்கிறது. தம்புராவுக்கும் இருக்கிறது. தந்தியை மட்டும் மீட்டினால் 'ணிங்' என்று ஒரு மெல்லிய ஓசைதான் வரும். குடமும் கூடவே பாடினால்தான் நாதம். ஆகவே, வாத்தியத்துக்குக் குடம் பாடுவது அழகு.

ஆனால் ஒலிபெருக்கி வாத்தியம் அல்ல. வீணையின் நாதத்தை, அதன் குடத்தின் நாதத்தோடு சேர்த்து, ஏற்கெனவே பதிவு செய்து கொடுத்துவிட்டார்கள். அதற்கு மேல் ஒலிபெருக்கியின் மரப் பெட்டியும் 'நானும் கொஞ்சம் பாடுகிறேனே' என்று கிளம்பினால் என்ன ஆகும்? வீணைக்கு இரண்டு குடம் ஆகிவிடும்! காலித் தவலைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு பேசிப் பாருங்கள். உங்கள் குரலில் பாதிதான் உங்களுடையது, மீதி தவலையுடையது. மட்டமான ஒலிபெருக்கியில் எந்தப் பாடகர் பாடினாலும் ஒரே மாதிரி 'குமு குமு' என்று கேட்பதற்குக் காரணம் இதுதான். பாடகர் மாறினாலும் தவலை மாறுவதில்லை.

அப்படியானால் பெட்டி எதற்கு? ஒலிபெருக்கியின் உள்ளே ஒரு காந்தம். அதன் இடுக்கில் மெல்லிய கம்பிச் சுருள். சுருளோடு ஒட்டியபடி ஒரு கூம்பு. பாட்டு மின்சாரமாக மாறிச் சுருளுக்குள் பாயும்போது சுருள் முன்னும் பின்னும் துடிக்கிறது. கூம்பும் கூடவே துடித்துக் காற்றைத் தள்ளுகிறது. அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்ற இருவர் இந்த முறையைச் செம்மைப்படுத்தி 1925-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். இன்றைக்கு உங்கள் கூடத்து டெலிவிஷனில் இருப்பதும், கைபேசிக்குள் சுண்டுவிரல் நகமளவு இருப்பதும் அதே தத்துவத்தின் வாரிசுகளே.

இதில் ஒரு சங்கடம். கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும் அதே நொடியில் பின்னால் காற்றை இழுக்கிறது. முன்னால் எழுந்த அலையும் பின்னால் எழுந்த அலையும் ஓரத்தில் சந்தித்தால், ஒரு கை கொடுத்ததை மற்றொரு கை பிடுங்கிக்கொண்ட கதைதான். மிருதங்கத்தின் தொப்பி ஒலி, ஆண் குரலின் கனம் எல்லாம் காணாமல் போகும். எனவே பின்பக்கத்து அலையை அடைத்து வைக்க ஒரு பெட்டி தேவைப்பட்டது. பெட்டி வந்ததும் புதுத் தொல்லையும் வந்தது. பலகைகள் அதிர்ந்து தாமும் பாடத் தொடங்கின. சிறைப்பட்ட காற்று கூம்பை நெருக்கியது.

பெட்டி இல்லாமலும் முடியவில்லை, பெட்டியோடும் முடியவில்லை. இந்தச் சம்சாரத்திலிருந்து தப்பிக்க நாலு பேர் நாலு வழி கண்டுபிடித்தார்கள்.

மூலையில் ஒரு கொம்பு

முதலாமவர் பால் கிளிப்ஷ். 1904-இல் பிறந்தவர். இரண்டாவது உலக யுத்தத்தின்போது அமெரிக்காவில் ஆர்கன்ஸா ராஜ்யத்து ஹோப் என்ற ஊரில், ராணுவ வெடிகுண்டுச் சோதனைக் களத்தில் அதிகாரியாக இருந்தார். யுத்தம் முடிந்த பின்பும் அந்த ஊரை விட்டுப் போகவில்லை. 1946-இல் அங்கேயே தொழில் ஆரம்பித்துவிட்டார்.

தூரத்தில் போகிறவரைக் கூப்பிடும்போது இரு கைகளையும் வாயைச் சுற்றிக் குவித்துக்கொள்கிறோம். நாகஸ்வரத்தின் நுனியில் அணைசு விரிந்திருக்கிறது. இரண்டும் ஒரே காரியத்தைத்தான் செய்கின்றன. சிறிய அசைவைப் படிப்படியாக விரித்துப் பெரிய வெளியோடு இணைத்துவிடுகின்றன. ஒலிபெருக்கிக்கும் அப்படி ஒரு கொம்பு வைத்தால், கூம்பு துளி அசைந்தாலே போதும், ஓசை கூடத்தை நிரப்பும். ஆனால் கீழ் ஸ்தாயிக்குக் கொம்பு வைப்பதென்றால் அதன் வாய் வாசற்கதவை விடப் பெரிதாக இருக்கவேண்டும். எந்த வீட்டில் அதற்கு இடம் இருக்கிறது?

கிளிப்ஷ் இரண்டு தந்திரம் செய்தார். கொம்பை மடித்து மடித்து நாலரை அடி உயரப் பெட்டிக்குள் ஒளித்தார். பெட்டியை அறையின் மூலையில் ஒட்டி நிறுத்தினார். இரண்டு சுவர்களும் தரையும் சேர்ந்து கொம்பின் விரிந்த வாயாகிவிட்டன! அறையையே தம் வாத்தியத்தின் பாகமாக்கிக்கொண்டார் என்று சொல்லவேண்டும். 'கிளிப்ஷ்ஹார்ன்' என்ற அந்த ஒலிபெருக்கி 1946 முதல் இன்று வரை தயாரிப்பில் இருக்கிறது.

அதன் ரசிகர்கள் சொல்லும் பெருமை என்னவென்றால், மேளம் தட்டினால் நெஞ்சில் தட்டினாற்போல் இருக்கும் என்பது. சாதாரணச் சின்னப் பெட்டிகளுக்குத் தேவைப்படும் மின்சக்தியில் நூற்றில் ஒரு பங்கு கொடுத்தாலே இது அதே அளவு முழங்கும். கூம்பு அதிகம் ஓடி ஆடாததால் ஓசை கசங்குவதும் குறைவு. சரி, குறை? இரண்டு காலி மூலைகள் வேண்டும். பீரோவுக்கும் தண்ணீர் சுத்திகரிக்கும் யந்திரத்துக்கும் மூலை தேடும் குடும்பத்துக்கு இது கட்டிவராது.

காற்றே வில்லாக...

இப்போது மெத்தைத் துணிக்கு வருவோம். எட்கர் வில்ச்சூர் ஓர் ஆசிரியர். நியூயார்க் சர்வகலாசாலையில் ஒலிப்பதிவு, ஒலிபெருக்கம் பற்றிப் பாடம் நடத்திவந்தார்.

சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பின் வாயைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு கைப்பிடியை அழுத்திப் பாருங்கள். உள்ளே அடைபட்ட காற்று வில்லுச்சுருள் போல எதிர்த்துத் தள்ளும். சின்னப் பெட்டியில் கூம்பு சுருங்கிப்போய்க் கீழ் ஸ்தாயி வராமல் போவதற்கு இந்தக் காற்று வில்தான் காரணம் என்று எல்லாரும் அதைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். வில்ச்சூரோ, 'இதைவிட ஒழுங்கான வில் உலகத்தில் கிடைக்குமா?' என்று யோசித்தார். காகித விளிம்பும் துணி விளிம்பும் ஒரு சமயம் அதிகமாக இழுக்கும், ஒரு சமயம் குறைவாக இழுக்கும். அடைபட்ட காற்று எப்போதும் சீராகத் தள்ளும். ஆகவே கூம்பைப் பிடித்திருக்கும் விறைத்த விளிம்பை எடுத்துவிட்டு, தொளதொளவென்று ஒரு விளிம்பு வைத்து, பெட்டியைக் காற்றுப் புகாமல் மூடிவிட்டால், காற்றே வில்லாக வேலை செய்யும். பெட்டி சிறிதாக இருந்தால்தான் இது நடக்கும்! பகையாளியையே வேலைக்கு வைத்துக்கொண்டார் என்பது இதுதான்.

யோசனையை எடுத்துக்கொண்டு பேர்பெற்ற சில கம்பெனிகளிடம் போனார். சிறிய பெட்டியில் பெரிய ஓசையா என்று அவர்கள் ஏற்கவில்லை. அவருடைய வகுப்பு மாணவர்களில் ஹென்றி க்ளாஸ் என்ற இளைஞர் ஒருவர் இருந்தார். மாஸசூஸெட்ஸ் ராஜ்யத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் ஒரு மேல்மாடியில் ஒலிபெருக்கிப் பெட்டிகள் செய்துவந்தவர். ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து 1954-இல் 'அகூஸ்டிக் ரிசர்ச்' என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். அதே ஆண்டு நியூயார்க் கண்காட்சியில் 'ஏ.ஆர்-1' என்ற பெட்டியை வைத்தார்கள். தட்டின் மேல் வைக்கும் பெட்டியிலிருந்து அலமாரிப் பெட்டியின் கம்பீரம் வந்ததைக் கேட்டவர்கள் வியந்தார்கள்.

1958-இல் வந்த 'ஏ.ஆர்-3' இன்னும் பிரசித்தம். மேல் ஸ்தாயிக்கும் நடு ஸ்தாயிக்கும் கூம்புக்குப் பதிலாக, கவிழ்த்த சந்தனக் கிண்ணம் போலச் சின்னக் குமிழ்களை அதில் வைத்தார் வில்ச்சூர். கூம்பு மேல் ஸ்தாயியை நேர் எதிரே மட்டும் வீசும். குமிழ் நாலா பக்கமும் பரப்பும். நாற்காலியில் இருக்கும் தாத்தாவுக்கும் சமையலறை வாசலில் நிற்கும் அம்மாவுக்கும் ஒரே பாட்டு கேட்கும். இன்று உலகத்து ஒலிபெருக்கிகளில் ஏராளமானவை குமிழோடுதான் வருகின்றன. ஏ.ஆர்-3 அமெரிக்காவின் ஸ்மித்ஸோனியன் காட்சிசாலையிலும் இடம்பெற்றுவிட்டது.

கச்சேரியில் ஒரு கண்கட்டு

தம் பெட்டி பாடவில்லை, பாடுகிறவர்தான் பாடுகிறார் என்பதை நிரூபிக்க வில்ச்சூர் ஒரு சோதனை வைத்தார். 'ஃபைன் ஆர்ட்ஸ் குவார்டெட்' என்ற நாலு பேர் கொண்ட வயலின் கோஷ்டி மேடையில் உட்கார்ந்து வாசிக்கும். பக்கத்தில் ஏ.ஆர்-3 ஒலிபெருக்கிகள். சபை கேட்டுக்கொண்டிருக்கும்போதே, ஏதோ ஓர் இடத்தில் வித்வான்கள் வில்லைத் தந்தியில் படாமல் சும்மா அசைப்பார்கள். அந்த நொடியிலிருந்து முன்பே பதிவு செய்த வாசிப்பு ஒலிபெருக்கி வழியாக வரும். பிறகு மறுபடியும் நிஜ வாசிப்பு. எங்கே மாறியது என்று சபையில் பெரும்பாலோரால் சொல்ல முடியவில்லை. பல நகரங்களில் 75-க்கும் மேற்பட்ட முறை இந்தக் கச்சேரி நடந்தது.

நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் கம்பெனி ஒரு கூடமும் வைத்திருந்தது. ரயிலுக்குக் காத்திருப்பவர்கள் உள்ளே போய் உட்கார்ந்து சங்கீதம் கேட்கலாம். அங்கே விற்பனை கிடையாது, 'வாங்குங்கள்' என்று நச்சரிக்க ஆளும் கிடையாது. கேட்டுவிட்டுப் போகவேண்டியதுதான்!

ஆனால் இவ்வளவும் சுகமாகவே நடந்துவிடவில்லை. வில்ச்சூர் தம் கண்டுபிடிப்புக்குப் பெற்றிருந்த காப்புரிமை செல்லாது என்று பின்னால் வழக்கில் தீர்ப்பாயிற்று. அதை ஒத்த யோசனை ஒன்றை வேறொருவர் முன்பே பதிவு செய்திருந்தாராம். வில்ச்சூர் அப்பீல் செய்யவில்லை. யார் வேண்டுமானாலும் அந்த முறையில் செய்துகொள்ளலாம் என்று ஆகிவிட்டது. உலகமெங்கும் சின்னப் பெட்டிகள் பரவின.

பெட்டியே வேண்டாம்!

1958-இல் ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைக்கு வந்தன. அதுவரை வீட்டுக்கு ஒரு பெட்டி போதும். இப்போது இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என்று இரண்டு வேண்டும். பெட்டியின் பருமனும் குணமும் முன்னைவிட இரட்டிப்புக் கவலையாயிற்று.

இங்கிலாந்தில் ஹண்டிங்டன் என்ற ஊரில் பீட்டர் வாக்கர் இருந்தார். அவருடைய சாமான்களின் பெயர் 'குவாட்'. 'தரமான, வீட்டு உபயோகத்துக்கான' என்று பொருள்படும் சில ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து அமைந்த பெயர் அது. பெட்டிதான் தொல்லை என்றால் பெட்டியே எதற்கு என்று வாக்கர் கேட்டார். 1957-இல் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த ஒலிபெருக்கியில் பெட்டியும் இல்லை, கூம்பும் இல்லை, காந்தமும் இல்லை!

பின்னே என்னதான் இருந்தது? தலைமயிரை விட மெல்லிய பிளாஸ்டிக் ஏடு ஒன்று, துளைகள் நிறைந்த இரண்டு தகடுகளுக்கு நடுவே இழுத்துக் கட்டியிருந்தது. ஏட்டில் ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னேற்றம். சீப்பால் வறண்ட கூந்தலை வாரியபின் அந்தச் சீப்பு காகிதத் துண்டுகளை இழுக்கிறதே, அதே சக்திதான். தகடுகளில் பாட்டின் மின்சாரம் ஏறி இறங்க, ஏடு முழுவதும் ஒரே சமயத்தில் சிலிர்க்கும். கூம்பைப் போல நடுவில் பிடித்துத் தள்ளுவதில்லை. எடையே இல்லாத ஏடு ஆகையால், பாட்டு நின்றால் உடனே நின்றுவிடும். பாடகி மூச்சு இழுப்பதும், தந்தியில் விரல் வழுக்குவதும் அப்படியே கேட்கும்.

பார்வைக்கு அது குளிர் நாட்டில் அறையைச் சூடாக்கும் மின்சார அடுப்பைப் போல இருக்கும். ஆனாலும் 1985 வரை, 28 ஆண்டுகள், அது தயாரிப்பில் இருந்தது. மனிதக் குரலுக்கு இன்றும் அதற்கு இணையில்லை என்று சொல்கிறவர்கள் உண்டு. குறையும் உண்டு. அதை மிகவும் உரக்க வைக்க முடியாது. வைத்தால் உள்ளே மின்பொறி பறந்து ஏடு பொத்துப்போகும். நேர் எதிரே உட்கார்ந்து கேட்கவேண்டும். கல்யாண வீட்டுக்கு ஆகாது. இரவில் விளக்கைத் தணித்துவிட்டு ஒருவர் இருவராகக் கேட்பவர்களுக்கு உகந்தது.

வண்டிக்குள் ஒரு சின்னப் பெட்டி

நாலாவது கதை ஒரு வியாபாரியின் கதை அல்ல, உத்தியோகஸ்தர்களின் கதை. லண்டன் பி.பி.சி. வானொலிக்கு ஓர் ஆராய்ச்சிப் பகுதி இருந்தது. வெளியூர் நிகழ்ச்சிகளை ஒலிபரப்ப வண்டி கட்டிக்கொண்டு போவார்கள். வண்டிக்குள் நெருக்கடி. காதில் மாட்டும் கருவியோடு மணிக்கணக்கில் வேலை செய்வது கஷ்டம். கையில் தூக்கும் அளவுக்கு ஓர் ஒலிபெருக்கி வேண்டும், ஆனால் அது பொய் சொல்லக் கூடாது.

1970-களில் அவர்கள் உருவாக்கியதற்கு 'எல்.எஸ். 3/5ஏ' என்று சர்க்கார் கோப்பு மாதிரி ஒரு பெயர். உயரம் ஓர் அடி, அகலம் ஏழரை அங்குலம். அவ்வளவுதான்! இதன் விசேஷம் பெட்டியின் பலகையில் இருக்கிறது. பெட்டி பாடக் கூடாது என்றால் பலகை தடிமனாக இருக்கவேண்டும் என்றுதானே நினைப்போம்? பி.பி.சி. ஆராய்ச்சிக்காரர்கள் மெல்லிய பலகையை எடுத்து, உட்புறம் தார் கலந்த கனமான பூச்சுத் தகடுகளை ஒட்டினார்கள். தடித்த பலகை அதிர்ந்தால், மனிதக் குரல் இருக்கும் இடத்திலேயே அதிர்ந்து காதுக்கு உறுத்தும். மெல்லிய பலகையின் அதிர்வு கீழே இறங்கிவிடும். அதையும் தார்ப்பூச்சு விழுங்கிவிடும். அதிரும் வெண்கலத் தட்டின் மேல் ஈரத்துணி போட்டால் சப்தம் அடங்குகிறதல்லவா, அதுபோல.

பி.பி.சி.யில் ஒலிபெருக்கிக்குப் பரீட்சை எப்படித் தெரியுமா? தெரிந்த ஒருவர் ஸ்டூடியோவில் பேசுவார். அவர் பேச்சை நேரிலும் கேட்டு, அடுத்த அறையில் ஒலிபெருக்கியிலும் கேட்டு ஒப்பிடுவார்கள். மனிதக் குரலில் நம் காதை ஏமாற்ற முடியாது. பிறந்தது முதல் கேட்டுப் பழகிய ஓசை அல்லவா? வயலின் சற்று மாறியிருந்தால் 'இது வேறு வயலினோ' என்று இருந்துவிடுவோம். அம்மாவின் குரல் இம்மி மாறினாலும், 'ஏன் ஜலதோஷமா?' என்று கேட்டுவிடுவோம்!

இந்தச் சின்னப் பெட்டியில் மிகக் கீழ் ஸ்தாயி வராது. அதற்குச் சற்று மேலே ஓசையைத் துளி தூக்கி வைத்து, இருப்பது போல் காதுக்குத் தோன்றச் செய்திருக்கிறார்கள். ஆனால் ஒரு பெண்மணி பாடினால் அறையில் நின்று பாடுவது போலவே இருக்கும் என்கிறார்கள் அதன் பக்தர்கள். பி.பி.சி.யின் அனுமதி பெற்ற சில பிரிட்டிஷ் கம்பெனிகள் இதை இன்றும் செய்துவருகின்றன.

பி.பி.சி. ஆராய்ச்சிப் பகுதியிலிருந்து இரண்டு பேர் வெளியே வந்து சொந்தத் தொழில் தொடங்கினார்கள். ஸ்பென்ஸர் ஹியூஸ் 1969-இல் தொடங்கிய கம்பெனிக்கு 'ஸ்பெண்டர்' என்று பெயர். ஸ்பென்ஸரில் பாதி, மனைவி டாரத்தியின் பெயரில் பாதி! டட்லி ஹார்வுட் 1977-இல் தொடங்கியது 'ஹார்பெத்'. ஹார்வுட்டில் பாதி, மனைவி எலிசபெத்தில் பாதி. ஆடியோஃபைல்கள் உச்சரிக்கும் இரண்டு பிரபலப் பெயர்களில் இரண்டு இல்லத்தரசிகள் குடியிருக்கிறார்கள் என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ!

திரை போட்டால் தெரியும்

நாலும் நாலு வழி. எது உயர்ந்தது? கனடாவைச் சேர்ந்த ஃப்ளாய்ட் டூல் என்ற விஞ்ஞானி இதற்குப் பல ஆண்டுகள் செலவிட்டார். ஒலிபெருக்கிகளைத் திரைக்குப் பின்னால் மறைத்து வைத்து, கேட்கிறவர்களை மார்க் போடச் சொன்னார். பெயர் தெரியாது, விலை தெரியாது, உருவம் தெரியாது. அப்படிக் கேட்டபோது, பலதரப்பட்ட மனிதர்களும் ஆச்சரியப்படும்படி ஒரே மாதிரியான ஒலிபெருக்கிகளையே விரும்பினார்கள். ஏழு ஸ்வரத்தில் ஒன்றைத் தூக்காமலும் ஒன்றை அமுக்காமலும், எதிரே இருப்பவருக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் சமமாகக் கொடுப்பவை எவையோ அவற்றுக்கே மார்க்!

1994-இல் அவரும் ஷான் ஆலிவ் என்பவரும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒலிபெருக்கிக் கம்பெனி ஒன்றின் ஊழியர்கள் 40 பேர் முதலில் திரை போட்டும், பிறகு திரை இல்லாமலும் கேட்டார்கள். திரை இருந்தபோது நல்ல மார்க் வாங்கிய சின்ன, மலிவான ஒலிபெருக்கி, திரையை விலக்கியதும் மார்க்கை இழந்தது. பளபளவென்று இருந்த பெரிய பெட்டிகளுக்கு மார்க் ஏறியது. ஓசை மாறவில்லை. கண் குறுக்கே வந்தது, அவ்வளவுதான். அவர்கள் அந்தத் தொழிலிலேயே இருப்பவர்கள் என்பதைக் கவனியுங்கள்!

நம் வீட்டுக் கூடத்தில்

ஆகவே கடைக்குப் போகும்போது ஐந்து காரியம் ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும்.

முதலாவது, உங்களுக்கு மனப்பாடமான ஒரு குரலைக் கொண்டுபோங்கள். வருஷக்கணக்காகக் கேட்ட பாடகியின் பாட்டு ஒன்று போதும். வெடிச் சப்தமும் விமானச் சப்தமும் போட்டுக் காட்டினால் மயங்காதீர்கள். வெடி நிஜத்தில் எப்படி இருந்தது என்று யாருக்குத் தெரியும்?

இரண்டாவது, இரண்டு பெட்டிகளை ஒப்பிடும்போது ஓசை அளவு சமமாக இருக்கவேண்டும். சற்று உரக்கக் கேட்பது சற்று நன்றாகத் தோன்றும். இது காதின் சுபாவம். விற்கிறவருக்கு இது தெரியும்.

மூன்றாவது, கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். பாட்டு அந்த இரண்டு பெட்டிகளிலிருந்து வருகிறதா, அவற்றுக்கு நடுவே வெறும் காற்றிலிருந்து வருகிறதா? பெட்டி எங்கே என்று மறந்துபோனால் அது நல்ல பெட்டி.

நான்காவது, வீட்டுக்கு வந்ததும் மூலையில் திணிக்காதீர்கள். மூலைக்கென்றே செய்த கிளிப்ஷ்ஹார்ன் வேறு. மற்றவை மூலையில் இருந்தால் 'கும்'மென்று வீங்கும். சுவரிலிருந்து ஒன்று இரண்டு அடி தள்ளி, உட்கார்ந்தால் காது இருக்கும் உயரத்தில் வையுங்கள். இரண்டு பெட்டிகளும் நீங்களும் ஒரு சமமுக்கோணத்தின் மூன்று முனைகளில் இருப்பது உத்தமம்.

ஐந்தாவதுதான் நமக்கு மிக முக்கியம். நம் வீடுகளில் தரை வழவழவென்று டைல்ஸ், சுவர் வெறும் சாந்து. ஓசை கைப்பந்து போல மோதி மோதித் திரும்பும். குளியலறையில் யார் பாடினாலும் வித்வானாகிவிடுவது இதனால்தானே! முன்னால் ஒரு ஜமுக்காளம் விரியுங்கள். ஜன்னலுக்குக் கனமான திரை போடுங்கள். ஒரு சுவரில் புத்தக அலமாரி இருக்கட்டும். புதிய ஒலிபெருக்கி வாங்குவதில் காணும் பயனில் பாதி, சில சமயம் ஒரு ஜமுக்காளத்திலேயே கிடைத்துவிடும். பெட்டி பாடக் கூடாது என்றால் அறையும் பாடக் கூடாதல்லவா?

கடைசியாக ஒரு சேதி

எட்கர் வில்ச்சூர் 1967-இல் தம் கம்பெனியை விற்றுவிட்டார். கையில் பணம், ஊரில் பெயர். சும்மா இருந்திருக்கலாம். அவரோ காது மந்தமானவர்களின் கஷ்டத்தை ஆராய உட்கார்ந்தார். அவர்களுக்கு மெல்லிய பேச்சு கேட்காது. உரக்கப் பேசினாலோ காது வலிக்கும். எல்லா ஓசையையும் ஒரே மாதிரி பெருக்கும் பழைய கருவியால் என்ன பிரயோசனம்? ஓசையை ஸ்தாயி வாரியாகப் பிரித்து, மெல்லியதை அதிகமாகவும் உரத்ததைக் குறைவாகவும் பெருக்கினால் பேச்சு புரியும் என்று 1973-இல் எழுதி வெளியிட்டார். அதற்குக் காப்புரிமை கேட்கவில்லை. எல்லாரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். இன்றைய காதுக் கருவிகள் அந்த வழியில்தான் வேலை செய்கின்றன. 2011-இல், 94-ஆவது வயதில் காலமானார்.

உங்கள் வீட்டுப் பாட்டி காதில் சின்னக் கருவியை மாட்டிக்கொண்டு, பேரக்குழந்தை ரகசியமாகச் சொன்னதைக் கேட்டுச் சிரிக்கிறாரா? கூடத்தில் சின்னப் பெட்டி ஒன்று பெரிய கச்சேரியைக் கொண்டுவந்து கொட்டுகிறதா? இரண்டிலும் அந்த மனிதருக்குப் பங்கு உண்டு. நடுவில் யாரும் குறுக்கே நின்று பாடாமல், சொல்கிறவர் சொன்னது கேட்கிறவர் காதுக்கு அப்படியே போய்ச் சேரவேண்டும் என்பதே அவர் விரும்பியது. அதற்காகத்தான் ரோஸ்மேரி அம்மாள் மெத்தைத் துணியில் வளையம் வெட்டிக் கொடுத்தார்.